சூசைத் தண்டல் கொண்டுவந்த ஜெர்மன் கார்

நான் எழுதி அச்சான செய்திகளில் பதினோரு வரிச் செய்தி ஒன்று எனக்கு இன்னும் மனப்பாடம். கப்பல் வந்த கிழமை சரி. அது நங்கூரமிட்டிருந்த தூரம் சரி. சரக்கை இறக்கிய தோணியின் பெயரில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. செய்தி மட்டும் தவறு.

உங்களைப்போல் புதிதாகச் செய்தித் தொழிலுக்கு வந்தவர்கள் முன்னால் நிறுத்தினால், ஓய்வுபெற்றவர்கள் பெரும்பாலும் தாங்கள் முந்திக்கொண்டு கொடுத்த செய்திகளைச் சொல்வார்கள். என்னிடமும் அப்படி இரண்டு மூன்று உண்டு. சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள், சொல்கிறேன். இப்போது இந்தப் பதினோரு வரி.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. சாத்தான்குளத்தில் அப்பா பள்ளி ஆசிரியர். பிழையில்லாமல் எழுதுவதுதான் நேர்மை என்று நம்பி வளர்ந்த வீடு. மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு நாளிதழுக்கு நான் தூத்துக்குடி நிருபர். சொத்து என்றால் ஒரு சைக்கிள், ஒரு நோட்டு, தந்தி அலுவலகத்தில் ஒரு கணக்கு.

புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாது. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். பாய்மரத் தோணிகள் அங்கே போய்ச் சரக்கை வாங்கிக்கொண்டு பழைய துறைமுகப் பாலத்துக்கு வரும். தோணிக்குத் தலைவர் தண்டல். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கப்பல்காரன் சரக்கைக் கீழே விடுவான். 'குறையில்லாமல் பெற்றுக்கொண்டேன்' என்ற அந்தச் சீட்டுக்குப் பிறகு, கரை சேரும்வரை அந்தச் சரக்கில் ஓர் ஆணி குறைந்தாலும் பொறுப்பு தண்டலுடையது.

அந்த வாரம் ஒரு ஜெர்மன் கப்பல் ஆலை இயந்திரங்களோடு வந்திருந்தது. இயந்திரங்களோடு ஒரு காரும் இருந்தது. சென்னையில் நடக்கவிருந்த ஒரு பொருட்காட்சிக்குப் போக வேண்டிய கார். சென்னைத் துறைமுகத்தில் நெரிசல் என்பதால் இங்கேயே இறக்கி, ரயில் வேகனில் ஏற்றி அனுப்ப ஏற்பாடு. விற்பனைக்கான கார் இல்லை. இன்னும் இருபது முப்பது வருடம் கழித்துக் கார்கள் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக அந்தக் கம்பெனி செய்த ஒரே ஒரு கார்.

வியாழக்கிழமை காலை அதைக் கொண்டுவந்தவர் சூசைத் தண்டல். ஐம்பதை ஒட்டிய வயது, தடித்த கழுத்து, எப்போதும் வெள்ளை முண்டா பனியன். கார் வைத்திருந்த மரப்பெட்டியின் மேல்பாதி கப்பலிலேயே பெயர்ந்துபோயிருந்தது. அதனால் அடிப்பலகையோடு, தார்ப்பாய் போர்த்தி, கயிற்றில் இறக்கினார்கள். இறக்கும்போது ஒரு முறை கப்பலின் பக்கச்சுவரில் இலேசாக இடித்தது என்று தோணிக்காரர்களே சொன்னார்கள். இந்த இடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலத்தில் தார்ப்பாயை உருவியதும் கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. ஆரஞ்சு நிறம். என் நடையில் ஏழு தப்படி நீளம், என் இடுப்பைத் தாண்டாத உயரம். மூக்கு தரையைத் தொடுவதுபோல் சரிந்து கிடந்தது. பின்பக்கம் மட்டும் வெட்டி எடுத்ததுபோல் நிமிர்ந்து நின்றது.

"ஏலே, இது காரா, திருக்கை மீனா?" என்றது ஒரு குரல்.

"திருக்கைன்னா வாலு எங்கன?"

"சுங்கத்துல புடிச்சு வச்சிருப்பாவ."

கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தின் மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையில் கம்பெனி அனுப்பிய வண்ணப்படத் தாள் ஒன்று இருந்தது. எழுத்தெல்லாம் ஜெர்மன். படம் எல்லோருக்கும் புரியும். அதே ஆரஞ்சுக் கார், மூக்கின் மேல் தவளைக் கண்போல் துருத்திக்கொண்டு இரண்டு விளக்குகள். மேனேஜர் படத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். காரின் முன்னால் குனிந்தார்.

"தண்டல், வெளக்கு ரெண்டும் எங்கய்யா?"

"எந்த வெளக்கு?"

"இந்த வெளக்கு!" என்று படத்தைக் காட்டினார்.

சூசை படத்தை வாங்கி வெயிலுக்குக் காட்டி, காரையும் பார்த்தார். முகம் இறுகியது. "அண்ணாச்சி, எனக்குப் போத்தித்தான் குடுத்தாவ. போத்தினபடி கொண்டாந்திருக்கேன்."

"குறையில்லன்னு கையெழுத்துப் போட்டுருக்கீரு."

"ஒரு காருன்னு எழுதியிருந்துச்சு. ஒரு கார் இருந்துச்சு. போட்டேன்."

இது அந்தக் காலத்து வழக்கம். மூட்டை என்றால் தண்டல் எண்ணிப் பார்ப்பார், பிரித்துப் பார்க்க மாட்டார். ஆயிரக்கணக்கான சீட்டுகளில் ஒரு கேடும் வந்ததில்லை. இந்த ஒரு சீட்டில் வந்தது.

தோணிகளுக்கு வரிசைப்படிதான் சுமை கிடைக்கும். ஏஜெண்ட் அலுவலக வாசலில் ஒரு கரும்பலகை. அதில் தோணிகளின் பெயர்கள் முறைப்படி சாக்பீஸில் எழுதியிருக்கும். திங்கட்கிழமை சூசையின் தோணிக்குக் கொழும்புக்குப் போகும் வெங்காயம். மேனேஜர் எல்லோர் முன்னாலும் தீர்ப்புச் சொன்னார்: கம்பெனி எஞ்சினியர் திங்கட்கிழமை வருகிறார். அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் விளக்குகள் வந்து சேராவிட்டால் பலகையிலிருந்து பெயரை அழித்துவிட்டுப் போலீசில் எழுதிக் கொடுப்பார். பெயர் அழிந்த தோணிக்கு வேறு எந்த ஏஜெண்டும் சுமை தரமாட்டார். தோணியில் தண்டலோடு சேர்த்து ஒன்பது பேர்.

நான் குறிப்பெடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். தந்தி கொடுத்தேன். வெள்ளிக்கிழமைக் காலைப் பதிப்பில் வந்துவிட்டது: 'ஜெர்மன் காரின் விளக்குகள் மாயம். தோணித் தொழிலாளர்களிடம் விசாரணை.'

வெள்ளிக்கிழமை மாலை இன்னொன்றும் செய்தேன். மேனேஜர் ஜெர்மனிக்கு 'விளக்குகள் காணவில்லை' என்று தந்தி அடித்திருந்தார். பதில் வந்தது. 'சாத்தியமில்லை. எஞ்சினியர் வருகிறார்.' மேனேஜர் அதை என்னிடம் நீட்டினார். "பாத்தீங்களா தம்பி கோவத்த! ஒத்த வார்த்தையில அடிச்சிட்டான்." நானும் அது கோபம் என்றே படித்தேன். சனிக்கிழமைப் பதிப்பில் 'ஜெர்மன் நிறுவனம் அதிர்ச்சி' என்று மூன்று வரி. அந்தத் தந்தியில் அதிர்ச்சி என்ற சொல் இல்லை. சாத்தியமில்லை என்ற சொல் இருந்தது. ஒருவன் சாத்தியமில்லை என்று சொன்னால், சாத்தியமில்லை என்றுதான் சொல்கிறான் என்று ஒரு நிமிடம் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை.

அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை பகலில், சூசை என் அறைக்கு வந்தார். கையில் எங்கள் பத்திரிகை மடித்து இருந்தது. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. நாற்காலியில் உட்காராமல் கதவில் சாய்ந்து நின்றார்.

"தம்பி, என் தோணிப் பேர ரொம்பச் சரியா எழுதியிருக்கியளே. எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலகூட அச்சாபீஸ்காரன் இப்படிச் சரியாப் போட்டதில்ல."

பத்திரிகையை விரித்து என் மேசையில் வைத்தார்.

"மத்ததயும் இதே மாதிரி பாத்துத்தான் எழுதுனியளா?"

"விளக்கு இல்லை. அதை நான் பார்த்தேன்."

"நானுந்தான் பாத்தேன். அதான் மண்டை காயுது. எம் பையங்க தொட மாட்டானுவ. அப்பம் அந்த இடியிலதான் விழுந்திருக்கணும். நாளைக்கி லாசரக் கூட்டிட்டுப் போயி கடல்ல தேடப் போறேன். நீங்களும் வாங்க. கெடச்சா அதையும் எழுதணும்லா?"

சூசையும் என்னைப்போலவே நம்பிவிட்டிருந்தார். தன் ஆட்கள் திருடவில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, விளக்கு போய்விட்டது என்பதிலும் இல்லை. கடலை நம்பிப் பிழைக்கிற ஊரில் ஒரு பொருளைக் காணோம் என்றால் முதலில் தோன்றுவது அது தண்ணீருக்குள் கிடக்கிறது என்பதுதான். வேறு ஊராக இருந்திருந்தால் காரை இன்னொரு முறை பார்த்திருப்பார்கள். நாங்கள் கடலைப் பார்த்தோம்.

லாசர் சங்கு குளிப்பவர். முத்துக்குளிப்பு நடக்கும் வருடங்களில் அதற்கும் இறங்குவார். ஒல்லியான ஆள். பேசினால் பாதி கிண்டலாகத்தான் இருக்கும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்கள் கப்பலின் பக்கத்தில் இருந்தோம். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெர்மன் மாலுமிகள் நான்கு பேர் வேடிக்கை பார்த்தார்கள். லாசர் இடுப்புக் கயிற்றைக் கொடுத்துவிட்டு, கல்லைக் காலில் மாட்டி, கீழே போனார். ஐந்து பாகம், ஏறக்குறைய முப்பது அடி ஆழம் என்றார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் முங்கில் ஒரு அலுமினியக் கெட்டில் வந்தது.

"தண்டல், இதுல டீ போடலாம். வெளிச்சம் வராது."

"வெளையாடாத லாசரு."

இரண்டாம் முங்கில் ஒரு பீங்கான் தட்டின் பாதி. மூன்றாவதில் ஒரு நல்ல சங்கு. அதைத் தோணிக்குள் போட்டுவிட்டு, "இது என் கணக்கு" என்றார். ஆறாவது முங்குக்குப் பிறகு தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கினார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்கதான காரப் பாத்து எழுதுனது?"

"ஆமாம்."

"வெளக்கு இருந்த ஓட்டை எம்புட்டுப் பெருசு? தேங்கா அளவா, சொளகு அளவா? தேடுத சாமான் எம்புட்டுன்னு தெரிஞ்சாத்தான கைக்கு ஆம்புடும்."

நோட்டைத் திறந்தேன். வியாழக்கிழமைப் பக்கம் முழுவதும் குறிப்புகள். நிறம், நீளம், உயரம், சக்கரத்தின் அகலம், கூட்டத்தில் எத்தனை பேர் என்று உத்தேசக் கணக்கு. ஒரு வரியில், அடிக்கோடிட்டு, 'முன்விளக்கு இல்லை.' ஓட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கண்ணை மூடி அந்த ஆரஞ்சு மூக்கை நினைத்துப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. கம்பி தொங்கவில்லை, திருகாணிக் குழி இல்லை, கீறல் இல்லை.

"ஓட்டை இல்லை" என்றேன்.

"இல்லன்னா?"

"ஓட்டையே இல்லை. மேலே வழவழன்னு இருந்தது."

லாசர் முகத்திலிருந்த தண்ணீரை வழித்துவிட்டுச் சூசையைப் பார்த்தார். "பெறவு எதுலருந்துவே கழண்டுச்சு? நான் என்ன எழவுக்கு முங்கிட்டு இருக்கேன்?"

சூசை லாசரைத் தோணிக்குள் தூக்கிவிட்டார். பிறகு பின்னால் இருந்தவரிடம் சொன்னார்: "ஏலே, கரைக்குத் திருப்பு."

திரும்பும் வழி முழுவதும் நான் அந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். செய்தி எழுதியவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்டவர், ஒரு பொருளைத் தேடிக் கையை விட வேண்டியவர். எனக்கு அந்த விளக்குகள் ஒரு தலைப்பு. அவருக்கு அவை ஒரு அளவு.

கார் சுங்கக் கொட்டகையில் நின்றது. சுங்க அதிகாரி நல்லவர், ஆனால் விதி விதிதான். "பாருங்க. தொடக் கூடாது."

"ஐயா, நமக்குக் கண்ணு கையிலதான் இருக்கு" என்றார் லாசர்.

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, தான் டீ குடிக்கப் போவதாகவும் பத்து நிமிடத்தில் வந்துவிடுவதாகவும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

லாசர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு காரின் முன்னால் குந்தினார். கண்ணை மூடினார். கலங்கல் தண்ணீரில் சங்கு தேடுபவருக்குக் கண்ணால் பயனில்லை. மணலுக்குள் புதைந்து கிடப்பதை விரல்தான் சொல்லும். அந்த விரல்கள் ஆரஞ்சுத் தகட்டின் மேல் மிக மெதுவாக நகர்ந்தன. ஓரிடத்தில் நின்றன. திரும்பின.

"இங்கன ஒரு வரை ஓடுது. நகம் எறங்குது. இங்கன மடங்குது... இன்னொரு மூலை. தண்டல், இது மூடிவே. அந்தப் பக்கமும் இதே கணக்குல ஒண்ணு இருக்கும், பாரும்."

அந்தப் பக்கம் நான் தொட்டேன். இருந்தது. ஒரு மயிரிழை இடைவெளி. கண்ணுக்கு அது தகட்டில் விழுந்த நிழல்போலத்தான் தெரிந்தது. வியாழக்கிழமை அதற்கு ஒரு முழம் தூரத்தில் குனிந்து நின்று, படத்தோடு ஒப்பிட்டு, 'இல்லை' என்று எழுதியிருந்தேன்.

"உழுவை மீன் பாத்திருக்கியளா தம்பி?" என்றார் லாசர். "மணல்ல படுத்துக் கெடக்கும். கிட்டப் போயித் தொட்டா கண்ண உள்ள இழுத்துக்கிடும். கண்ணே இல்லாத மாதிரி கெடக்கும். கள்ளன்!"

இதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். விஷயம் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்பம் தொறந்து பாத்துருவோம். ஏ, யாரப்பா, ஸ்க்ரூ டிரைவர் எடுத்தா!"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. உடனே திறந்தால் உடனே தீர்ந்தது. தலைப்பும் தயார். ஆனால் சூசை காருக்கும் மேனேஜருக்கும் நடுவில் போய் நின்றார். அந்த மூடிக்குள் விளக்கு இருந்தால் உலகத்தில் அதிகம் லாபம் அடையப்போகிறவர் அவர்தான்.

"தொடப்பிடாது அண்ணாச்சி."

"என்னய்யா? உமக்காகத்தான சொல்லுதேன்!"

"இன்னைக்கி, வெளக்கக் காணும்னு மட்டுந்தான் எழுதியிருக்காவ." என் பக்கம் திரும்பி ஒரு பார்வை. "நாளைக்கி, காரையும் ஒடச்சிட்டான்னு எழுதுவாவ. செஞ்சவன் வாரான்லா? அவன் தொறக்கட்டும்."

"உள்ள இல்லன்னா?"

"இல்லன்னா திங்கக்கெழம பன்னெண்டு மணிக்கி அழியும். நீரு சொன்னதுதான?"

நான் பல அதிகாரிகள் நெருக்கடியில் முடிவெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். தன் பெயர் கெட்டுக் கிடக்கும்போது, அதைத் துடைக்கிற சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் அவர்களில் அதிகமில்லை.

அன்று மாலை மதுரைக்கு டிரங்க் கால் போட்டேன். எங்கள் செய்தி ஆசிரியர் பேசினார். அவரை ஊழியர்கள் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை, நானும் விட்டுவிடுகிறேன். நடந்ததைச் சொன்னேன்.

"அப்போ விளக்கு உள்ளே இருக்கு. பாத்துட்டியா?"

"இல்லை சார். உள்ளேதான் இருக்கணும்."

"இருக்கணும்னு ஏற்கெனவே ரெண்டு செய்தி போட்டாச்சு. திருடியிருக்கணும், கோபமா இருக்கணும். மூணாவது வேண்டாம். திங்கட்கிழமை கண்ணால பாத்துட்டு அனுப்பு. அதுவரைக்கும் அந்தத் தோணியைப் பத்தி ஒரு எழுத்து வராது. நான் பாத்துக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினார். "தண்டல்கிட்ட சொன்னியா?"

"என்ன சார்?"

"நீ எழுதினது தப்புன்னு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. மறுப்பு எழுதினால் போதும் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து சூசை கடற்கரையில் தோணி ஆட்களோடு நின்றிருந்தபோது போய்ச் சொன்னேன். கோயிலிலேயே அவருக்கு ஒரு கூத்து நடந்திருந்தது. பிரசங்கத்தில் விளக்கு என்ற சொல் வந்ததும் பாதிக் கோயில் திரும்பி அவரைப் பார்த்ததாம். பங்குச் சாமியாரும் சொல்லை முடிக்காமல் இருமிவிட்டாராம்.

"அண்ணாச்சி, நான் சரியாப் பார்க்காம எழுதிட்டேன். தப்பு என்மேல்."

அவர் ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். "சரி" என்றார். "நாளைக்கி உள்ள வெளக்கு இருக்கட்டும், பெறவு பேசுவோம். இல்லன்னா நீங்க எழுதுனது சரி, இப்பச் சொன்னதுதான் தப்புன்னு ஆயிரும்லா?"

ஆட்கள் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை ரயில் தாமதம். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. மேனேஜர் அலுவலக வாசலில் ஈரத்துணியோடு நடந்துகொண்டிருந்தார். பலகையில் சூசையின் தோணி மூன்றாவது பெயர். அவர் கெட்டவரில்லை. சொல்லிவிட்டார், அவ்வளவுதான். சொன்னதிலிருந்து இறங்க ஒரு படி வேண்டும். அது ரயிலில் வந்துகொண்டிருந்தது.

பதினொன்று இருபதுக்கு எஞ்சினியர் வந்தார். நெடுநெடுவென்ற இளைஞர், வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அவருடைய ஆங்கிலமும் மேனேஜருடைய ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் இரண்டிலும் இருந்த சொற்கள் வேறு வேறு. மேனேஜர் மனப்பாடம் செய்திருந்த வருத்த உரையை நின்றுகொண்டே சொன்னார். எஞ்சினியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பி, எது காணவில்லை என்று கேட்டார். விளக்குகள் என்றேன். அவர் முகத்தில் குழப்பம். பிறகு சிரிப்பு. அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "காணாமல் போகவில்லை. தூங்குகின்றன."

கொட்டகையில் குறைந்தது நூறு பேர் இருந்தோம். அவர் எங்கேயோ ஒரு விரலால் அழுத்தினார். கதவு பக்கவாட்டில் திறக்காமல் பறவைச் சிறகுபோல் மேலே எழும்பியது. முன்வரிசை பின்வரிசையின் காலை மிதித்தது. கப்பல் பயணத்துக்காகக் கழற்றி வைத்திருந்த பாட்டரி வயரை மாட்டினார். உள்ளே படுத்தவாக்கில் உட்கார்ந்து ஏதோ ஒரு விசையைத் தள்ளினார்.

மெல்லிய ரீங்காரம். லாசர் விரல் வைத்துக் காட்டிய அதே நான்கு மூலைகளில் தகடு பிளந்து எழுந்தது. இரண்டு விளக்குகளும் மேலே வந்து நின்றன. எரிந்தன.

"ஏலே, கண்ணு முழிச்சிட்டுலே!"

விசில், கைதட்டல். சுங்க அதிகாரியும் தட்டினார். சூசை மட்டும் சிரிக்கவில்லை. "மூடச் சொல்லுங்க தம்பி" என்றார். சொன்னேன். விளக்குகள் உள்ளே போயின. "தொறக்கச் சொல்லுங்க." வந்தன. "இன்னொருக்க." எஞ்சினியருக்கு உற்சாகம். மூன்றாவது முறையும் காட்டினார். சூசை மேனேஜரைப் பார்த்து, "அண்ணாச்சி, ரெண்டுதான? எண்ணிக்கிடுங்க" என்றார்.

மேனேஜர் கையிலிருந்த ஈரத்துணியால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எஞ்சினியர் காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. கொண்டுவந்தவர் யார் என்று கேட்டுச் சூசையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏதாவது வேண்டுமா என்று அவர் கேட்டதை நான் மொழிபெயர்த்தேன். சூசை யோசிக்கவே இல்லை. சனிக்கிழமையிலிருந்து யோசித்து வைத்திருந்தார்போல.

"இத ரயில் கூட்ஸ் செட்டுக்கு எப்படிக் கொண்டு போறாவ?"

ஓட்டிக்கொண்டு போவதாகத்தான் ஏற்பாடு. சுங்க அதிகாரியின் அனுமதியும் துணைக்கு ஒரு காவலரும் உண்டு.

"நான் பக்கத்துல ஒக்காந்து வாரேன். நேர் ரோட்டுல வேண்டாம், மாதா கோயில் தெரு வழியாப் போவணும். வெளக்கப் போட்டுக்கிட்டுப் போவணும்."

"பகல் பன்னிரண்டு மணிக்கா?" என்றேன்.

"பேப்பரு வாசிக்கத் தெரியாதவன் ஊருல பாதிப்பேரு. அவன் பூராவும் என்னக் களவாணின்னு காதால கேட்டுத்தான தெரிஞ்சுக்கிட்டான்? இதயும் கண்ணால பாக்கட்டும்."

அப்படியே நடந்தது. முன்னால் சைக்கிளில் காவலர். பின்னால் இன்னும் இருபது வருடம் கழித்து வரவேண்டிய ஆரஞ்சுக் கார், உச்சி வெயிலில் இரண்டு விளக்குகளும் எரிய, காவலரை முந்தாத வேகத்தில். உள்ளே முண்டா பனியனோடு சூசைத் தண்டல். இருக்கை அவ்வளவு தாழ்வு. தெருவில் நின்றவர்களின் முழங்கால்களைத்தான் முதலில் பார்த்திருப்பார். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே பார்த்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார்.

"ஏளா, பாரு, தண்டல் தரையிலயே ஒக்காந்து போறாரு!" என்றாள் ஒரு மீன்காரப் பெண். லாசர் காருக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே, ஏதோ தானே செய்த கார் போல, மூடி இருக்கும் இடத்தை எல்லோருக்கும் கையால் காட்டிக்கொண்டு போனார்.

கரும்பலகையில் மூன்றாவது பெயர் அப்படியே இருந்தது. மாலையில் வெங்காயம் ஏறத் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை என் திருத்தச் செய்தி அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே பதினோரு வரியில் வந்தது. அளவு குறையக் கூடாது என்பது செய்தி ஆசிரியரின் உத்தரவு. விளக்குகள் மூடிக்குள் இருந்தன, முதல் செய்தி தவறு, தோணித் தொழிலாளர்கள் மீது எந்தக் குறையும் இல்லை. எல்லாம் சரிபார்த்தது. அதை எடுத்துக்கொண்டு நானே பாலத்துக்குப் போனேன். கொழும்புக்குப் பாய் ஏற்றத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். சூசை ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சரியா இருக்கு. ஆனா ஒண்ண விட்டுட்டியளே தம்பி."

நோட்டை எடுத்தேன். "என்ன அண்ணாச்சி?"

"நான் கார்ல போனது?"

பதினோரு வரியையும் மறுபடி பார்த்தேன். இல்லை. காவலர் இல்லை, மாதா கோயில் தெரு இல்லை, பகலில் எரிந்த விளக்கு இல்லை. தவறைத் திருத்துவதிலேயே குறியாக இருந்தவன், அன்று ஊரில் நடந்த ஒரே செய்தியை எழுதாமல் விட்டிருந்தேன்.

"அடுத்த தடவ எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாய்க்கயிற்றைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த அடுத்த தடவை இதுதான்.